ஈரக் கூந்தல் யாருக்காக? சிறுகதைப் பெண்களைப் படிக்கத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

ஒரு சிறுகதையைப் பற்றி நாலு பேர் கூடிப் பேசும்போது யாராவது ஒருவர், ‘இதில் பெண்ணைச் சரியாகக் காட்டவில்லை’ என்பார். ‘அந்தக் காலத்துக் கதை, அப்படித்தான் இருக்கும்’ என்று இன்னொருவர் பதில் சொல்வார். பேச்சு அங்கேயே நின்றுவிடும். இருவரில் ஒருவரும் கதையைப் புரட்டி, ‘இதோ இந்த வரி’ என்று விரல் வைத்திருக்க மாட்டார்கள். இந்த இரண்டு வாக்கியங்களையும் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. விரல் வைக்கக் கற்றுக்கொள்வது எப்படி என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப்போகிறேன்.

ஒரு சிறுகதை, ஒரு பென்சில், ஒரு மணி நேரம் இருந்தால் போதும். கோட்பாட்டு நூல் எதையும் படித்திருக்க வேண்டியதில்லை. இரண்டு சொற்களை மட்டும் முதலில் தெளிவாக்கிக்கொள்வோம்.

தலைமுறை தலைமுறையாகக் கதைகளில் திரும்பத் திரும்ப வரும் உருவத்தைத் தொல்படிமம் என்கிறோம். தன்னைக் கரைத்துக்கொள்ளும் தாய், வாசலில் காத்திருக்கும் மனைவி, மயக்கி வீழ்த்துகிறவள், மீட்க ஒருவன் வர வேண்டிய கன்னி, எல்லாம் தெரிந்த கிழவி, பூட்டிய அறைக்குள் இருக்கும் பைத்தியக்காரி: இவர்களை யாரும் நமக்கு அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை. அதே உருவத்தை யோசிக்காமல் எடுத்து ஒட்டினால் அது வார்ப்பு. ‘அவள் பொறுமையின் வடிவம்’ என்று ஒரே வரியில் எழுதிவிட்டுக் கதாநாயகனிடம் திரும்பிவிடுகிற எழுத்தாளர் வார்ப்பைக் கையாள்கிறார்.

பத்துப் பக்கச் சிறுகதையில் எல்லாரையும் முழு மனிதராக வரைய இடமில்லை. பாத்திரங்களை ஒரே குணத்தில் அடங்கிவிடும் தட்டை, பல பக்கம் கொண்ட உருண்டை என்று ஆங்கில நாவலாசிரியர் இ. எம். ஃபார்ஸ்டர் 1927-இல் பிரித்துச் சொன்னபோது அவர் மனத்தில் இருந்தது நாவல். சிறுகதையில் பாதிப் பேராவது தட்டையாகத்தான் இருப்பார்கள்; தபால்காரர் தபால் கொடுத்துவிட்டுப் போனால் போதும். எனவே தொல்படிமம் ஒன்றைக் கண்டவுடன் குற்றவாளியைப் பிடித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். அதற்குக் கதை என்ன வேலை கொடுத்திருக்கிறது என்பதே கேள்வி.

முதல் படி: பென்சிலைக் கீழே வையுங்கள்

முதல் வாசிப்பு வெறும் வாசிப்பாக இருக்கட்டும். எங்கே கண் கலங்கியது, எங்கே சிரித்தீர்கள், எந்தப் பக்கத்தைத் தாண்டிப் போனீர்கள் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதை உங்களை ஏமாற்றியிருந்தால் அது எந்த இடத்தில் என்று கண்டுபிடிக்க, முதலில் நீங்கள் ஏமாந்திருக்க வேண்டும்.

இரண்டாம் படி: வினைச்சொற்களை எண்ணுங்கள்

மற்றப் படிகளையெல்லாம் மறந்துவிட்டாலும் இதை மறக்க வேண்டாம். எடுத்துக்காட்டுக்காக நானே ஒரு பத்தியை எழுதியிருக்கிறேன். இப்படிப்பட்ட பத்தியை நீங்கள் நூறு முறை படித்திருப்பீர்கள்.

“மழை வலுத்திருந்த இரவில் ரகு வீடு திரும்பினான். கதவைத் திறந்த கமலா எதுவும் கேட்கவில்லை. ஈரக் கூந்தல் தோளில் ஒட்டியிருக்க, மங்கிய விளக்கொளியில் ஓவியம்போல் நின்றாள். வேலை போய்விட்டது என்று அவன் சொன்னான். அவள் கண்கள் நிறைந்தன. ‘எல்லாம் சரியாகிவிடும்’ என்றாள். அவன் சன்னலருகே போய் வெளியே பார்த்தான். எவ்வளவு பெரிய மனம் இவளுக்கு என்று நினைத்தான். அந்த நினைப்பே அவனுக்குத் தெம்பு தந்தது. விடிந்ததும் வேறு வேலை தேடிப் புறப்பட்டான்.”

ஒரு தாளை நடுவில் மடித்து, ஒரு பக்கம் அவன், மறுபக்கம் அவள் என்று எழுதுங்கள். முற்றுவினைகளை மட்டும் முதலில் எடுப்போம். அவன் பக்கத்தில் ஐந்து: திரும்பினான், சொன்னான், பார்த்தான், நினைத்தான், புறப்பட்டான். அவள் பக்கத்தில் மூன்று: கேட்கவில்லை, நின்றாள், என்றாள்.

ஐந்துக்கு மூன்று என்ற கணக்கு பெரிய விஷயமில்லை. அந்த மூன்றும் எப்படிப்பட்டவை என்று பாருங்கள். ஒன்று எதிர்மறை, அவள் செய்யாத செயல். இன்னொன்று அசையாமல் இருப்பது. மூன்றாவது ஆறுதல். கதவைத் திறந்தாளே என்பீர்கள். திறந்தாள்தான், ஆனால் ‘திறந்த கமலா’ என்று அது பெயரெச்சமாகி அவள் பெயருக்கு முன்னால் அடைமொழிபோல ஒட்டிக்கொண்டுவிட்டது. பத்தியில் அவள் கையால் நடந்த ஒரே செயலுக்கு ஒரு முற்றுவினைகூடக் கிடைக்கவில்லை. அழுகையும் அவளுடையதாக இல்லை. ‘கண்கள் நிறைந்தன’ என்பதில் எழுவாய் கண்கள்.

இப்போது கூந்தலுக்கு வருவோம். மழையில் நனைந்து வந்தவன் ரகு. கமலா வீட்டுக்குள்ளிருந்து வந்து கதவைத் திறக்கிறாள். அவள் கூந்தல் ஏன் ஈரமாக இருக்கிறது? கதையில் காரணமே இல்லை. ஈரக் கூந்தல் தோளில் ஒட்டினால் பார்க்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான். வார்ப்பு கதைக்குள் நுழையும்போது தருக்கம் இப்படித்தான் நழுவுகிறது. நீங்கள் தேட வேண்டியவை இத்தகைய சின்ன ஓட்டைகள். பத்து மணி நேர வேலைக்குப் பிறகும் கலையாத அலங்காரம், மரணப் படுக்கையில் ஒளிரும் முகம், எத்தனை வருடம் போனாலும் வயது ஏறாத காதலி. பெரிய கருத்து எதையும் சொல்லத் தேவையில்லை. ‘கூந்தல் ஏன் ஈரம்?’ என்று கேட்டாலே போதும்.

ரகுவின் பக்கத்தையும் படித்துவிடுங்கள். பலரும் இதைச் செய்வதில்லை. வேலை போன செய்தியைச் சொன்னவன் அடுத்து என்ன செய்கிறான்? சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். அவன் கண் நிறைந்ததா இல்லையா என்பது நமக்குத் தெரியாது. கதை அதைக் காட்டாது. அழுவதற்கு அவளையும் புறப்படுவதற்கு அவனையும் நியமித்தாயிற்று. பாலினப் பாத்திரம் என்பது இப்படி வேலையைப் பங்கிட்டுக் கொடுப்பதுதான். அதில் ஆணின் பங்கையும் பார்க்காவிட்டால் பாதிக் கதையைத்தான் படித்திருப்பீர்கள்.

மூன்றாம் படி: விகுதியைக் கவனியுங்கள்

தமிழில் படிக்கிறவர்களுக்கு ஆங்கில வாசகருக்கு இல்லாத ஒரு கருவி கையிலேயே இருக்கிறது. நம் வினை முற்றுகள் பாலைச் சொல்லும். கூடவே மரியாதையையும் சொல்லும். ‘அப்பா வந்தார், அம்மா வந்தாள்’ என்று எத்தனை கதைகளில் படித்திருக்கிறோம்! ஒரே வீட்டில், ஒரே கதைசொல்லியின் வாயில், ஒருவருக்கு ‘ஆர்’, மற்றவருக்கு ‘ஆள்’.

உடனே கோபப்பட வேண்டாம். ‘ஆள்’ நெருக்கத்தையும் காட்டும். அம்மாவை ‘அவர்’ என்று எழுதினால் அவள் அந்நியமாகிப் போகிறாள் என்று நினைக்கிற எழுத்தாளர்கள் உண்டு, அதில் நியாயமும் உண்டு. ஆகவே எந்த விகுதி வருகிறது என்பதைவிட அது எங்கே மாறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ‘டாக்டர் உள்ளே வந்தார், அறிக்கையைப் பார்த்தார்’ என்று தொடங்கும் கதையில், அந்த டாக்டர் ஒரு பெண் என்று தெரிந்த அடுத்த வரியில் ‘புன்னகைத்தாள்’ வந்தால் பென்சிலை எடுங்கள். அங்கே டாக்டர் போய், பெண் மட்டும் மிஞ்சிவிட்டாள். இதற்கு நேர்மாறாக, கதை முழுக்க ‘ஆள்’ என்றே வந்தவளுக்கு ஒரு முக்கியமான முடிவெடுத்த பிறகு ‘ஆர்’ வந்தால், எழுத்தாளர் வேண்டுமென்றே செய்திருக்கலாம். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மொழிபெயர்ப்புக் கதையில் இந்தப் படியைப் பயன்படுத்தும்போது கவனம் தேவை. ஆங்கிலத்தில் அரசிக்கும் வேலைக்காரிக்கும் ஒரே சொல்தான். தமிழில் ஒருத்தி ‘அவர்’, இன்னொருத்தி ‘அவள்’ ஆகியிருந்தால் அது மொழிபெயர்ப்பாளரின் முடிவு. மூல ஆசிரியர்மீது பழி போடாதீர்கள்.

தன்மையில் சொல்லப்படும் கதையில் இன்னொரு வேடிக்கை உண்டு. ‘நான் போனேன்’ என்பதில் பால் தெரியாது. கதைசொல்லி ஆணா பெண்ணா என்று எந்த வரியில் உங்களுக்குத் தெரிந்தது என்று குறியுங்கள். அதற்கு முன்னாலேயே ஒரு முடிவுக்கு வந்திருந்தீர்களா? எதை வைத்து வந்தீர்கள்? அந்தப் பதில் கதையைவிட உங்களைப் பற்றி அதிகம் சொல்லும்.

நான்காம் படி: அவளை எப்படிக் கூப்பிடுகிறார்கள்?

தொடக்க காலத்தில் நான் எழுதிய மதிப்புரை ஒன்றில் ஐந்து பெண் பாத்திரங்களுக்கும் ஐந்து முத்திரை குத்தியிருந்தேன். தியாகி இவள், மாயக்காரி இவள் என்று ஒரே உற்சாகம். படித்துப் பார்த்த மூத்த நண்பர் ஒருவர், ‘அந்தத் தியாகியின் பெயர் என்ன?’ என்று கேட்டார். எனக்கு நினைவில்லை. கதையைப் புரட்டினால், பெயர் இருந்தது, மூன்று முறை வந்திருந்தது. கதை அவளுக்குக் கொடுத்ததை நான் பறித்திருந்தேன்.

பெயரை வைத்து எவ்வளவு செய்யலாம் என்பதற்கு அமெரிக்க எழுத்தாளர் கேட் சோப்பின் 1894-இல் எழுதிய ‘ஒரு மணி நேரத்தின் கதை’ நல்ல பாடம். கணவன் விபத்தில் இறந்துவிட்டான் என்று இதய நோயாளியான மனைவியிடம் பக்குவமாகச் சொல்கிறார்கள். கணவனுக்குத் தொடக்கத்திலேயே முழுப்பெயர் உண்டு. அவளோ ‘மிஸஸ் மல்லார்ட்’ மட்டும்தான். அறைக்குள் தனியாக உட்கார்ந்து, துக்கத்துக்கு நடுவில், தான் விடுதலையடைந்துவிட்டதை அவள் மெல்ல உணர்ந்த பிறகுதான், கதவுக்கு வெளியே நிற்கும் சகோதரி அவளை ‘லூயிஸ்’ என்று அழைக்கிறாள். பெயர் எப்போது வருகிறது என்பதே அங்கே கதையின் திருப்பம். இரண்டு மூன்று பக்கக் கதைதான். இந்த வழிகாட்டியின் எல்லாப் படிகளையும் பழகிப் பார்க்க இதைவிட வசதியான கதை எனக்குத் தெரியவில்லை.

ஐந்தாம் படி: ஜோடிச் சொல் உண்டா?

பெண்ணைக் குறிக்கும் சொல் ஒன்று கதையில் கனமாக விழுந்தால், அதற்கு ஆண்பால் தேடுங்கள். வாழாவெட்டி, முதிர்கன்னி, மலடி, ஓடுகாலி: இவற்றுக்கு நாம் அன்றாடம் புழங்கும் ஆண்பால் சொல் எது? விதவைக்கு ஜோடியாக ‘தபுதாரன்’ அகராதியில் இருக்கிறது, பேச்சில் கேட்டதுண்டா? ஒரே மனைவியோடு வாழ்கிறவனைப் பாராட்ட ‘ஏகபத்தினி விரதன்’ என்கிறோம்; அந்தச் சொல்லுக்கு நடுவிலும் ஒரு பத்தினி நிற்கிறாள். ஜோடியில்லாத சொல்லை எழுத்தாளர் தானாகவே பயன்படுத்துகிறாரா, பாத்திரத்தின் வாயில் வைத்து நம்மைத் திடுக்கிட வைக்கிறாரா என்று பிரித்துப் பாருங்கள். முன்னது கதைசொல்லியின் குரல். பின்னது கதைக்குள் இருக்கும் ஊரின் குரல். இரண்டையும் குழப்பிக்கொண்டு எழுத்தாளரைத் திட்டுவது புதியவர்கள் அடிக்கடி செய்கிற பிழை.

ஆறாம் படி: ஆளை மாற்றிப் பாருங்கள்

அவன் இடத்தில் அவளையும் அவள் இடத்தில் அவனையும் வைத்து ஒரு பத்தியை வாசித்துப் பாருங்கள். சிரிப்பு வரும் இடத்தில் ஒரு வார்ப்பு இருக்கிறது. ‘ஈரத் தலைமுடி நெற்றியில் ஒட்டியிருக்க, மங்கிய விளக்கொளியில் ரகு ஓவியம்போல் நின்றான்.’ இதற்குமேல் இந்தப் படியில் ஒன்றுமில்லை. ஐந்து நிமிட விளையாட்டு. இதை மட்டும் வைத்து ஒரு கட்டுரை எழுதிவிட முடியாது.

சினிமாவுக்காகப் பிரபலமான ஒரு சோதனையையும் சிலர் சிறுகதையில் போட்டுப் பார்க்கிறார்கள். அமெரிக்கச் சித்திரக்கதைக் கலைஞர் அலிசன் பெக்டெல் 1985-இல் தம் சித்திரத் தொடரில் எழுதியது அது: இரண்டு பெண்களாவது இருக்க வேண்டும், அவர்கள் ஒருவரோடொருவர் பேச வேண்டும், பேச்சு ஓர் ஆணைப் பற்றியதாக இல்லாமல் இருக்க வேண்டும். திரைப்படங்களைக் கூட்டமாக வைத்துப் பார்க்கும்போது இது நிறையச் சொல்லும். மொத்தமே இரண்டு பேர் வரும் சிறுகதையில் இதற்கு வேலை இல்லை. தனியறையில் ஒரு பெண் மட்டும் இருக்கும் அருமையான கதைகள் இந்தச் சோதனையில் தோற்றுப்போகும். விட்டுவிடுங்கள்.

ஏழாம் படி: முடிவில் விலை கொடுப்பது யார்?

இங்கே கொஞ்சம் அதிக நேரம் உட்கார வேண்டும். சிறுகதையின் நாடி அதன் முடிவில்தான் ஓடுகிறது. பெண் பாத்திரத்தைக் கதை எதற்காகக் கூட்டி வந்தது என்பதும் அங்கேதான் வெளிப்படும்.

அழகிய பெண்ணின் மரணமே உலகில் மிகக் கவித்துவமான பொருள் என்று அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ 1846-இல் ஒரு கட்டுரையில் எழுதினார். அவர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். சொல்லாமல் செய்தவர்கள் ஏராளம். எனவே முடிவில் பெண் இறந்தால், பைத்தியமானால், திருமணத்தில் அடங்கினால், துறந்து போனால், இரண்டு கேள்விகள். அவள் இறப்பால் மாறுகிறவர் யார்? ஓர் ஆண் மனம் திருந்துவதற்காக மட்டும் அவள் இறந்திருந்தால் அவள் பாத்திரமே இல்லை, மருந்து. இரண்டாவது, அந்த முடிவுக்குக் கதைக்குள் பொருள் சொல்கிறவர் யார்?

முன்பு சொன்ன சோப்பின் கதையில் லூயிஸ் இறக்கிறாள். இறந்ததாகச் சொல்லப்பட்ட கணவன் உயிரோடு வாசலில் வந்து நிற்கிறான். அவள் இதயம் நின்றுவிடுகிறது. மகிழ்ச்சி தாங்காமல் இறந்தாள் என்று மருத்துவர்கள் முடிவு செய்கிறார்கள். உண்மை வாசகருக்குத் தெரியும். கதையில் இருக்கும் யாருக்கும் தெரியாது. ‘கணவனைக் கண்ட மகிழ்ச்சியில் உயிர்விட்ட உத்தமி’ என்ற தொல்படிமத்தை மருத்துவர்களின் வாயில் வைத்து, அதை நம் கண்முன்னாலேயே பொய்யாக்கிவிடுகிறார் ஆசிரியர். பெண் இறந்தாள் என்பதை மட்டும் குறித்துக்கொண்டு போனவர்கள் இதைத் தவறவிடுவார்கள்.

1892-இல் வெளியான, அமெரிக்க எழுத்தாளர் சார்லட் பெர்கின்ஸ் கில்மனின் ‘மஞ்சள் சுவர்த்தாள்’ கதையில் மனைவிக்கு ஓய்வுதான் மருந்து என்று மருத்துவரான கணவன் அவளை ஓர் அறையில் இருத்துகிறான். எழுதுவதும் அவளுக்குத் தடை. கடைசியில் அவள் மனம் பிறழ்கிறது. பூட்டிய அறைப் பைத்தியக்காரி என்ற பழைய உருவம்தான். ஆனால் கதையைச் சொல்கிறவள் அவளே. முடிவில் மயங்கி விழுகிறவன் கணவன். மயங்கி விழுவது கதைகளில் காலங்காலமாகப் பெண்ணின் வேலை என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த ஒரு வினைச்சொல்லின் குறும்பு புரியும்.

தமிழில் ஒரே தொல்படிமத்தை இரண்டு பெரிய கைகள் எடுத்துக்கொண்டதைப் பக்கத்தில் பக்கமாக வைத்துப் படிக்கலாம். தீயில் இறங்கித் தூய்மையை நிரூபிக்கும் மனைவி என்பது சீதையின் உருவம். புதுமைப்பித்தன் 1943-இல் எழுதிய ‘சாபவிமோசனம்’ அகலிகையைப் பற்றியது, கல்லாயிருந்து மீண்டவள். இராமன் சீதையைத் தீக்குளிக்கச் செய்தான் என்று கேள்விப்பட்ட அகலிகை மறுபடியும் கல்லாகிறாள். முன்பு கல்லாக்கியது கணவனின் சாபம். இப்போது யாரும் சபிக்கவில்லை. மேலோட்டமாகப் பார்த்தால் பெண் மீண்டும் அசைவற்றுப் போனாள், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கதையில் ‘கல்லாதல்’ அவளுடைய தீர்ப்பு. வினைச்சொல் அதேதான், எழுவாய் மாறிவிட்டது.

ஜெயகாந்தன் 1966-இல் எழுதிய கதைக்குத் தலைப்பே ‘அக்கினிப் பிரவேசம்’. முன்பின் தெரியாத ஒருவனின் காரில் ஏறி, கெடுக்கப்பட்டு வீடு திரும்பும் மாணவியை அவள் தாய் என்ன செய்கிறாள்? தலையில் தண்ணீரை ஊற்றுகிறாள். நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். தலைப்பில் நெருப்பு, முடிவில் தண்ணீர். கதை வெளிவந்தபோது பெரும் சர்ச்சை எழுந்தது. அப்படி ஒரு தாய் இல்லாமல் போயிருந்தால் அந்தப் பெண் என்னவாகியிருப்பாள் என்ற கேள்வியிலிருந்து ஜெயகாந்தன் பிறகு ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலை எழுதினார். இந்தக் கதையைப் படிக்கும்போது உங்கள் தாளில் மகளுக்கும் தாய்க்கும் தனித்தனிப் பக்கம் ஒதுக்குங்கள். தூய்மை என்ற அளவுகோலையே தாய் தூக்கி எறிகிறாளா, அந்த அளவுகோலுக்குள் இருந்துகொண்டே மகளைக் காப்பாற்றுகிறாளா? ‘சுத்தமாகிவிட்டாய்’ என்றால் அதற்குமுன் அசுத்தமாக இருந்தாய் என்றுதானே பொருள்? எனக்கு இந்தக் கேள்வியில் இன்னும் ஒரு பக்கம் சாய முடியவில்லை. அப்படிச் சாய முடியாமல் நிறுத்துவதுதான் அந்தக் கதையின் பலம் என்று மட்டும் சொல்வேன்.

எட்டாம் படி: கதையில் வராதவளைத் தேடுங்கள்

அமெரிக்க எழுத்தாளர் சூசன் கிளாஸ்பெல் செய்தியாளராக இருந்தபோது, அயோவா மாநிலத்தில் 1900-இல் ஒரு விவசாயி கொலையுண்ட வழக்கைப் பற்றி எழுதினார். பல வருடம் கழித்து அதையே 1916-இல் ஓரங்க நாடகமாகவும் 1917-இல் சிறுகதையாகவும் ஆக்கினார். கதையில் கணவனைக் கொன்றதாகச் சந்தேகிக்கப்படும் பெண் நம் கண்முன் ஒருமுறைகூட வருவதில்லை. அதிகாரிகளான ஆண்கள் வீடெங்கும் தடயம் தேடுகிறார்கள். கூட வந்த இரண்டு பெண்கள் சமையலறையில் காத்திருக்கிறார்கள். ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த தையல் ஓரிடத்தில் திடீரென்று கோணலாகியிருப்பதை அவர்கள் கவனிக்கிறார்கள். உடைந்த பறவைக் கூண்டு, பிறகு ஒரு பெட்டிக்குள் பட்டுத்துணியில் சுற்றிய, கழுத்து முறிந்த பாட்டுக்குருவி. ஆண்கள் தேடிக் காணாத தடயம் அவர்கள் கையில். அவர்கள் அதை மறைத்துவிடுகிறார்கள். ‘அவளுக்கு நிகரானோர் நடுவர்’ என்பது போன்ற பொருள் தரும் தலைப்பு. அந்தக் காலத்தில் அங்கே, வழக்கில் தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுவான நடுவர் குழுவில் பெண்கள் அமர முடியாது.

வராத பெண்ணைத் தேட இது வழி காட்டுகிறது. யாருடைய கைவேலை கதையில் தெரிகிறது, ஆள் மட்டும் தெரியவில்லை? நம் ரகு, கமலா பத்தியில் விளக்கை ஏற்றியது யார்?

ஒன்பதாம் படி: அரைப் பக்கம் எழுதுங்கள், ஒரு நாள் ஆறப்போடுங்கள்

எண்ணியதையெல்லாம் எழுதிக் குவிக்காதீர்கள். எதிலிருந்து உங்களால் விலக முடியவில்லையோ அந்த ஒரு வரியை எடுத்து, அதிலிருந்து தொடங்குங்கள். தொல்படிமத்தின் பெயரை முதல் வாக்கியத்தில் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் மீதி எழுத ஒன்றும் இருக்காது. கதை வெளியான ஆண்டைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். அன்றைக்குத் துணிச்சலாக இருந்தது இன்றைக்கு வழக்கமாகியிருக்கலாம். ஆண்டு விளக்கம் தருமே தவிர மன்னிப்பு வழங்காது.

நீங்கள் ஒரு முடிவுக்கு வந்த பிறகு, அதற்கு நேரெதிரான வாசிப்பு இருக்க முடியுமா என்று ஒரு நாள் ஆறப்போட்டுப் பாருங்கள். ரஷ்ய எழுத்தாளர் செகாவ் 1899-இல் வெளியிட்ட ‘கண்ணம்மா’ போன்ற செல்லப் பெயர்த் தலைப்புடைய கதையில் ஓலென்கா என்றொரு பெண். நாடகக் கொட்டகைக்காரனை மணந்தால் நாடகமே உலகம் என்பாள். மரவியாபாரியை மணந்தால் மரத்தைப் பற்றியே பேசுவாள். கால்நடை மருத்துவனோடு பழகினால் மாட்டு நோயைப் பற்றி. சொந்தக் கருத்தே இல்லாதவள் என்று அவளைப் பார்த்துச் சிரித்தவர்கள் பலர். தல்ஸ்தோயோ கதையைக் கொண்டாடினார். சபிக்க வந்த செகாவ் தன்னையறியாமல் ஆசீர்வதித்துவிட்டார் என்று எழுதினார். இப்படி அன்பில் கரைவதுதான் பெண்மையின் உச்சம் என்பது அவர் கட்சி. எனக்கு அந்தக் கட்சியில் உடன்பாடு இல்லை. ஆனால் செகாவ் அவளைக் கேலி மட்டும் செய்யவில்லை என்று முதலில் கண்டவர்களில் அவரும் ஒருவர். தவறான காரணத்துக்காகக்கூட ஒரு வாசகர் சரியான வரியில் நிற்கலாம்.

கடைசியாக, அரைப் பக்கக் குறிப்பு எப்படி இருக்கும் என்பதற்கு, நான் எழுதிய அந்தப் பத்தியைப் பற்றி நானே எழுதியது:

“மழையில் நனைந்தவன் ரகு, ஈரம் இருப்பதோ கமலாவின் கூந்தலில். கதைசொல்லிக்கு அவள் எப்படி இருக்கிறாள் என்பது தெரியும், என்ன நினைக்கிறாள் என்பது தெரியாது. வேலை போனது அவனுக்கு மட்டும் நேர்ந்ததாகக் கதை நடந்துகொள்கிறது. அந்தச் செய்தி அவள் நாட்களையும் மாற்றப்போகிறது என்பதை அவள் கேட்கக்கூட அனுமதிக்கப்படவில்லை. கேட்காமல் இருந்ததையே பெருந்தன்மை என்று அவன் நினைப்பின் வழியே கதை பாராட்டிவிட்டது. ரகுவுக்கும் இதில் நட்டம்தான்: அழ வேண்டிய நேரத்தில் அவனைச் சன்னல் பக்கம் திருப்பி நிறுத்திவிட்டார்கள். ‘எல்லாம் சரியாகிவிடும்’ என்றபோது கமலாவின் குரல் எப்படி இருந்தது என்று ஒரு சொல் இருந்திருந்தால், இதை மறுபடியும் படித்திருப்பேன்.”